பட்டியலை நீட்டாதீர்கள், பிரித்து எழுதுங்கள்: புதுக் குடியிருப்புகளின் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பில்டரின் பொறுப்புக் காலம் முடிவதற்குள் குறைகளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்ற உங்கள் அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த அவசரத்தில் தயாராகும் பட்டியல் பெரும்பாலும் இப்படி இருக்கிறது: ஹால் சுவரில் மயிரிழைக் கீறல், மழையில் படுக்கையறைக் கதவு பிடிக்கிறது, பால்கனித் தரையில் சுவரோரமாக வெடிப்பு, சிங்க் ஓரத்தில் சிலிக்கான் கறுத்துவிட்டது. நான்கும் அடுத்தடுத்த வரிகளில், ஒரே எடையில். இவற்றில் மூன்றாவது வரி உயிர் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். நான்காவது உங்கள் வேலை. முதல் இரண்டும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்க வேண்டியவை. பட்டியலை வாங்கிக்கொண்ட சைட் இன்ஜினியர் ஒரு பெயின்டரையும் ஒரு பட்டி வாளியையும் அனுப்பிவைப்பார். கீறல்கள் மறையும், கதவு இழைக்கப்படும், சிலிக்கான் மாறும். "முக்கால்வாசி முடிஞ்சுது, கையெழுத்துப் போடுங்க" என்பார். பால்கனி மட்டும் அப்படியே நிற்கும்.

பில்டர் தரப்பில் இன்னொரு சமாளிப்பு உண்டு. "செட்டில்மென்ட் சார், புது பில்டிங்னா அப்படித்தான் இருக்கும்." செட்டில்மென்ட் என்றால் அடிமண் அமுங்கிக் கட்டடம் சற்று இறங்குவது. சுவர்க் கீறலுக்கும் இதே பதில், பாத்ரூம் ஒழுகலுக்கும் இதே பதில், பீம் வெடிப்புக்கும் இதே பதில். நீங்கள் எல்லாவற்றையும் குறை என்று எழுதும்வரை, அவர் எல்லாவற்றையும் செட்டில்மென்ட் என்று சொல்லித் தப்பிக்க இடம் இருக்கும். ஒவ்வொரு வரியையும் காரணத்தை வைத்துப் பிரித்து எழுதினால் அந்த இடம் அடைபடும். எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

புதுக் கட்டடம் முதல் ஓரிரு வருடங்களில் அசையத்தான் செய்யும். ஆனால் அந்த அசைவில் பெரும்பகுதி மண்ணுக்குள் நடப்பதில்லை. கான்கிரீட், பூச்சு, கட்டுவேலைக் கலவை எல்லாமே தண்ணீர் ஊற்றிச் செய்தவை. அந்தத் தண்ணீர் வெளியேற வெளியேறச் சுருங்கும். சுருங்க முடியாதபடி எங்கே பிடிப்பு இருக்கிறதோ அங்கே கீறும். பூச்சில் சிலந்தி வலைபோல எல்லாத் திசையிலும் ஓடும் மயிரிழைக் கீறல்கள் இந்த வகை. கலவையில் சிமென்ட் கூடினாலும், மணல் மிகப் பொடியாக இருந்தாலும், கரண்டியால் அதிகம் தேய்த்து சிமென்ட் பாலை மேலே கொண்டுவந்தாலும், தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்துவதில் சோம்பல்பட்டாலும் இவை அதிகமாகும். அழகுக்குக் குறைதான், ஆபத்து இல்லை. அடுத்த பெயின்ட் அடிப்பில் சரியாகிவிடும்.

ஒரே ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். விரல் முட்டியாலோ சின்ன மரச்சுத்தியலாலோ கீறலைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பொத்தென்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது, என்றாவது பாளமாக விழும். கீறல் எவ்வளவு மெல்லியதானாலும் அது குறை. அதிலும் சீலிங் பூச்சில் அந்தச் சத்தம் கேட்டால் அதே வாரம் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். பில்டரின் ஆள் இந்த இடங்களில் பட்டி போட வந்தால் திருப்பி அனுப்பலாம். விட்டுப்போன பூச்சைப் பட்டி பிடித்து நிறுத்தாது.

அடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடும் கீறல். தூணும் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாகவோ, பீமுக்கு அடியில் படுக்கையாகவோ வரும். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. இரண்டும் சேரும் கோட்டில் பூச்சு கிழியும். கட்டடத்தின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வேலைக் குறைதான், ஏனென்றால் இதைத் தடுக்க வழி இருக்கிறது: பூசுவதற்கு முன் அந்த இணைப்பில் இருபக்கமும் 150 மி.மீ. வருமாறு 300 மி.மீ. அகலத்துக்குக் கோழிவலையோ ஃபைபர் வலையோ அடிக்க வேண்டும். எல்லா வீடுகளிலும் எல்லா மாடிகளிலும் அதே கோட்டில் கீறல் இருந்தால் வலை அடிக்கவில்லை என்றோ, வலை பூச்சுக்குள் புதையாமல் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது என்றோ சந்தேகப்படலாம். ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டியலில் வீடு வீடாக எழுதாமல் "தூண்–சுவர் இணைப்புகள், முழுக் கட்டடம்" என்று ஒரே வரியாக எழுதுங்கள். அப்போதுதான் பரிகாரமும் முழுக் கட்டடத்துக்குமாக வரும்: கீறலை வெட்டித் திறந்து, வலை வைத்து, பாலிமர் கலந்த கலவையால் மறுபடி பூசுவது.

எடை குறைந்த காற்றறை பிளாக்குகளில் கட்டிய சுவர் என்றால் சுவர் நடுவிலேயே செங்குத்தாகவோ, பிளாக்குகளின் இணைப்புகளைத் தொடர்ந்து படிக்கட்டுபோலவோ கீறல் வரலாம். மழையில் நனைந்த பிளாக்குகளை ஈரத்தோடு கட்டினால் அவை சுவருக்குள் இருந்துகொண்டே சுருங்கும். நீளமான சுவர்களில் அசைவுக்கான இடைவெளியை இடையிடையே விடாவிட்டாலும் இப்படி ஆகும். ஒரு வருடத்தில் நின்றுவிடுவதுதான் வழக்கம்.

கடைசி மாடியில் மட்டும், ரூஃப் ஸ்லாபுக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் கீறலைப் பலர் அஸ்திவாரத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். அஸ்திவாரம் இறங்கினால் கீழ்மாடிகள் தப்பி மேல்மாடி மட்டும் கீறுவது அபூர்வம். இது வெயிலின் வேலை. மொட்டைமாடி ஸ்லாப் பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, கீழே உள்ள சுவரைத் தினமும் இழுக்கிறது. மேலே வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு இல்லாதவரை எத்தனை முறை பூசினாலும் அதே இடத்தில் திரும்ப வரும்.

இனி நிஜமான இறக்கத்துக்கு வருவோம். கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் சுவரில் ஒரு கீறலும் விழாது, குழாய் இணைப்புகளில்தான் இழுப்பு தெரியும். ஒரு மூலை மட்டும் அதிகம் இறங்கும்போதுதான் சுவர் கிழியும். மணல் பாங்கான நிலத்தில் இறக்கத்தின் பெரும்பகுதி கட்டும்போதே எடை ஏற ஏற முடிந்துவிடும். களிமண்ணில் அப்படி இல்லை. எடையால் நசுங்கும் மண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும், அதற்கு வருடக்கணக்காகும். கரிசல் மண் இன்னொரு ரகம்: மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கட்டடத்தைப் பருவத்துக்குப் பருவம் ஏற்றி இறக்கும். ஆகவே "இரண்டு வருஷம் ஆச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது" என்ற வாக்குறுதியை மண் என்னவென்று தெரியாமல் ஏற்காதீர்கள். மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு மூலை இறங்கும்போது விழும் கீறலுக்கு அடையாளங்கள் உண்டு. சாய்வாக ஓடும், பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்தோ கதவு மூலையிலிருந்தோ தொடங்கும். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். சுவரின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் தெரியும். பூச்சோடு நிற்காமல் செங்கல்லையும் பிளந்திருக்கும். ஜன்னல் மூலையில் ஒரு ஜாண் நீளத்துக்கு மெல்லிய கீறல் இருந்தால் பதற வேண்டாம். திறப்புகளின் மூலையில் இழுவிசை குவியும், சுருக்கத்தால்கூட அங்கே கீறும். மேலே சொன்ன அடையாளங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, கூடவே கதவுகளும் மக்கர் செய்தால்தான் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கதவை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் டேப் ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கதவை மூடி, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பினால் பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இறுகும், கோடையில் தானாக விடும். இந்தக் கதவை மழையில் இழைத்துவிட்டால் கோடையில் சந்து தெரியும். அதனால் தச்சரை அப்போது கூப்பிடாதீர்கள். கீல் தளர்ந்திருந்தால் பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை சட்டத்தில் உரசும், கதவைத் தூக்கிப் பிடித்தால் சரியாகும், ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: ஒரு மேல்மூலையில் இடைவெளி அகன்றும், எதிர் மேல்மூலையில் ஒட்டியும், நடுவில் சாய்வாகக் குறைந்துகொண்டும் போவது. அப்போது சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். சதுரமாக நிற்கும் சட்டத்தில் இரண்டும் சமம். வித்தியாசம் இருந்தால் சட்டத்தைக் கோணலாக வைத்தார்களா, பிறகு கோணிற்றா என்ற கேள்வி வரும். நான்கு மாதம் கழித்து அதே டேப்பால் மறுபடி அளந்தால் பதில் கிடைக்கும். சாவி வாங்கும் நாளிலேயே எல்லாச் சட்டங்களையும் அளந்து வைத்திருக்கும் சங்கம் பின்னால் நிறைய வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

எவ்வளவு இறக்கம் தாங்கும் என்பதற்குப் பொறியாளர்கள் ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். இரண்டு தூண்களுக்கு இடையிலான தூரத்தில் 500-ல் ஒரு பங்குவரை வித்தியாசம் வந்தால் பொதுவாகக் கீறல் விழாது. 300-ல் ஒரு பங்கில் சுவர்கள் கீறத் தொடங்கும். 150-ல் ஒரு பங்கை எட்டினால் கட்டமைப்பே சேதப்படும். 3 மீட்டர் இடைவெளிக்கு இவை முறையே 6, 10, 20 மி.மீ. டைல்ஸ் போட்ட தரையில் டியூப் லெவல் வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தரை தொடக்கத்திலேயே அவ்வளவு மட்டமாக இருந்திருக்காது. ஒரே புள்ளிகளைக் காலம் விட்டுக் காலம் சர்வே கருவியால் அளந்தால்தான் பயன்.

தரைத்தளத்தில் தரை மட்டும் இறங்கி, ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் விரல் நுழையும் சந்து விழுவது வேறு சங்கதி. அஸ்திவாரம் நன்றாகவே இருக்கும். பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மண்ணை 150 முதல் 200 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்திருக்க வேண்டும். லாரியோடு கொட்டிச் சமப்படுத்தியதன் விளைவு இது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத குறை. கட்டடத்தைச் சுற்றியுள்ள சிமென்ட் நடைபாதை சுவரை விட்டு விலகினாலும் அதே காரணம்தான். அந்தச் சந்தை உடனே அடைக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அதன் வழியாக அஸ்திவாரத்துக்கே போய்ச் சேரும்.

இதுவரை சொன்னது சுவர்களைப் பற்றி. தூண், பீம், ஸ்லாப் என்று வரும்போது நிதானம் காட்ட வேண்டிய அவசியம் குறைகிறது. முதலில் கீறல் பூச்சிலா, கான்கிரீட்டிலா என்று தெரிய வேண்டும். உள்ளங்கை அளவுக்குப் பூச்சை வெட்டி எடுத்துப் பார்க்காமல் "தூண் வெடித்துவிட்டது" என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் உங்கள் பட்டியல் முழுவதுமே சிரிப்புக்கு ஆளாகும். கான்கிரீட்டிலும் கீறல் இருந்தால் இடத்தைப் பாருங்கள். பீமின் நடுவில், அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக எழும் மெல்லிய கீறல் வளைவினால் வருவது. கம்பி வேலை செய்யத் தொடங்கும்போது கான்கிரீட் சற்றே கீறும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். சாதாரணச் சூழலில் 0.3 மி.மீ. வரை அதற்கு அனுமதி. அதே பீமில் தூணுக்கு அருகே தொடங்கி 45 பாகையளவு சாய்வில் நடுப்பகுதியை நோக்கி ஏறும் கீறல் வேறு ஜாதி. அது வெட்டுவிசையை, அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையைக் காட்டுகிறது, முன்னறிவிப்பு அதிகம் தராமல் முறியக்கூடியது. தூணில் கான்கிரீட் நொறுங்கினாலும் அப்படியே. இந்த இரண்டுக்கும் பில்டரின் பதிலுக்குக் காத்திருக்காமல் உங்கள் செலவிலேயே கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே கீறல் விழுந்து செம்பழுப்புக் கறை வழிந்தால் உள்ளே துரு. புதுக் கட்டடத்தில் இவ்வளவு சீக்கிரம் துரு பிடிக்கிறதென்றால் கவர் பிளாக் (கம்பியை மேற்பரப்பிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் கம்பி மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கலாம், கலவையில் உப்பு இருந்திருக்கலாம், எங்கிருந்தோ தண்ணீர் விடாமல் இறங்கிக்கொண்டிருக்கலாம். செட்டில்மென்ட் என்ற பதிலுக்கு இங்கே இடமே கிடையாது.

பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் தனிப் பத்தி வேண்டும். சாதாரண ஸ்லாபில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் ஸ்லாபில் இழுவிசை மேல்பக்கம், அதனால் கம்பியும் மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் தொழிலாளர்கள் அந்தக் கம்பி மேலேயே நடப்பார்கள், வைப்ரேட்டரை இழுப்பார்கள். கம்பியைத் தாங்கும் சேர் கம்பிகள் போதுமான நெருக்கத்தில் இல்லாவிட்டால் அது அமுங்கிக் கீழே போய்விடும். 125 மி.மீ. கனமுள்ள ஸ்லாபில் அடியிலிருந்து ஏறக்குறைய 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 50 மி.மீ. இறங்கிப்போனால் தாங்கும் திறனும் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்ட்ரிங் பிரித்த அன்றே விழாமல், பூந்தொட்டிகளும் வாஷிங் மெஷினும் பத்துப் பேர் கூட்டமும் சேரும் நாளில் விழும்.

இதற்கு அடையாளம்: மேல்பக்கத்தில், பால்கனி சுவரோடு சேரும் கோட்டுக்கு இணையாக ஓடும் வெடிப்பு. டைல்ஸ் மூடியிருப்பதால் அந்தக் கோட்டில் கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) திரும்பத் திரும்பத் திறப்பதாகத்தான் முதலில் தெரியும். வெறும் கிரவுட் தேய்மானமாகவும் இருக்கலாம். சுவரோரத்தில் ஒரு டைலை எடுத்து, அடியில் உள்ள கலவையையும் சுரண்டி, ஸ்லாபைக் கண்ணால் பாருங்கள். ஸ்லாபிலும் வெடிப்பு இருந்தாலோ, வெளியோரம் தாழ்ந்து கைப்பிடிச் சுவர் முன்சாய்ந்ததுபோல் தெரிந்தாலோ அந்தப் பால்கனியைப் பூட்டுங்கள், மேலே உள்ள எடையை இறக்குங்கள், கீழே முட்டுக் கொடுங்கள். முட்டுக்காலைக் கீழ்மாடிப் பால்கனியில் ஊன்றி அதோடு நிறுத்திவிடாதீர்கள், அதுவும் அதே ஆட்கள் போட்டதுதான். ஒவ்வொரு மாடியாகத் தரைவரை முட்டு இறங்க வேண்டும். கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை உடைக்காமலே காட்டும் கவர் மீட்டர் இருக்கிறது. ஒரு பால்கனியில் கம்பி இறங்கியிருந்தால் அதே வரிசையில் உள்ள எல்லாவற்றையும் அளக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரீபவுண்ட் சுத்தியலால் (தட்டியதும் எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை அளக்கும் கருவி) நாலு தட்டுத் தட்டி "கான்கிரீட் ஏ ஒன்" என்று அறிக்கை கொடுப்பவர்கள் உண்டு. பூச்சின் மேல் தட்டினால் அந்த எண் பூச்சைப் பற்றியது. கான்கிரீட்டின் மேலேயே தட்டினாலும் மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும், கம்பி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது.

கீறலின் அகலத்தைப் பற்றி. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் சுவர்ச் சேதங்களுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது: 0.1 மி.மீ.-க்குள் பொருட்படுத்த வேண்டாம், 1 மி.மீ. வரை மிக லேசு, 5 மி.மீ. வரை லேசு, 15 வரை மிதம், 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. இந்த வரிசை பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதை வைத்து வகுத்தது. காரணம் என்ன என்பதை அகலம் சொல்லாது. பீமில் ஒரு மில்லிமீட்டர் கீறலும் பூச்சில் ஒரு மில்லிமீட்டர் கீறலும் ஒன்றல்ல.

அகலத்தைவிட அசைவு முக்கியம். கீறலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீள்கிறதா என்பது தெரியும். அகலத்துக்குக் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை கிடைக்கிறது, கீறலின் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியதுதான். கீறலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டும் பழைய முறை அசைந்ததா என்று மட்டும் காட்டும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று காட்டாது. பசை விட்டுப்போனால் அதுவும் இல்லை. இதைவிட நல்லது மூன்று ஸ்க்ரூ முறை. கீறலின் ஒருபுறம் இரண்டு, மறுபுறம் ஒன்று என முக்கோணமாகச் சுவரில் ஆழ இறக்குங்கள். பூச்சோடு நிற்கக் கூடாது. மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், விடியற்காலை என்றால் இன்னும் நல்லது, மூன்று தூரங்களையும் டிஜிட்டல் காலிப்பரால் அளந்து எழுதுங்கள். ஒரு முழு வருடம் வேண்டும். ஏறி நின்றுவிட்டால் சுருக்கம். திறந்து மூடித் திறந்தால் வெயிலோ கரிசல் மண்ணோ. திரும்பாமல் ஒரே பக்கம் போய்க்கொண்டே இருந்தால் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பொறுப்புக் காலம் அதற்குள் முடிந்துவிடும் என்றால், அளவுகள் தொடர்வதைக் குறிப்பிட்டு அந்த வரியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அதிகம் ஏமாற்றப்படுவது பாத்ரூமில். "கிரவுட் போயிடுச்சு, அது உங்க மெயின்டெனன்ஸ்" என்பார்கள். கிரவுட்டைப் புதுப்பிப்பது உங்கள் வேலைதான். ஆனால் டைல்ஸும் கிரவுட்டும் நீர்த்தடை அல்ல. அவற்றின் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று எதிர்பார்த்துத்தான் அடியில் நீர்த்தடைப் பூச்சு போடுகிறார்கள். கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் காத்தால் கிரவுட் எப்படி இருந்தாலும் அந்தப் பூச்சோ குழாயோ தவறியிருக்கிறது.

எது என்று பிரிக்க இந்த வரிசையில் போங்கள். முதலில் வீட்டின் எல்லாக் குழாய்களையும் இரவு மூடி மீட்டரைக் குறித்து வையுங்கள். காலையில் எண் ஏறியிருந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. இந்த ஈரம் யாரும் குளிக்காத நாளிலும் குறையாது. எண் ஏறவில்லை என்றால் தரைத் துளையை அடைத்து 25 முதல் 50 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் குறைந்து கீழே ஈரம் கூடினால் நீர்த்தடை போயிற்று. மட்டம் குறையாமல் நின்று, அடைப்பைத் திறந்துவிட்ட பிறகு கீழே சொட்டினால் கழிவுக் குழாயோ, குழாய் ஸ்லாபைக் கடக்கும் இடமோதான். அங்கேதான் மிக அதிகமாகத் தவறும், ஏனென்றால் குழாயைச் சுற்றி உடைத்த ஓட்டையைச் சாதாரணக் கலவையால் அடைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு மூன்று பாத்ரூம்கள் சந்தேகத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தைக் கலந்து ஊற்றுங்கள்.

ஆனால் எல்லா ஈரமும் ஒழுகல் அல்ல. தரைக்குப் போட்ட கலவை நல்ல காற்றோட்டத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம்தான் காயும். 50 மி.மீ. கலவைக்கு இரண்டு மாதம் பக்கம் ஆகும். பூட்டிய வீட்டில் இன்னும் தாமதமாகும். சந்தேகமான இடத்தில் முழ அகலப் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. தாளின் மேல் கோத்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்தால் போதும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். முதல் கோடையோடு நின்றால் கட்டுமான ஈரம் வெளியேறியது என்று விட்டுவிடலாம். இரண்டாவது வருடமும் அதே இடத்தில் பூத்தால் தண்ணீர் வரும் வழியைத் தேட வேண்டும்.

டைல்ஸில் தட்டினால் பொத்தென்று கேட்பது பசைக் கலவை முழுதாகப் பரவாததால். உலர்ந்த அறையில் டைலின் அடிப்பரப்பில் 80 சதவீதமும் ஈரமான இடங்களில் 95 சதவீதமும் பசை பிடித்திருக்க வேண்டும். ஐந்து உருண்டை வைத்து அமுக்கினால் அந்த அளவு வராது. ஒரு நாள் வரிசையாக டைல்ஸ் கூடாரம்போல எழும்பினால் சுவரோரத்தில் விரிவதற்கு இடைவெளி விடாமல் ஒட்டியிருக்கிறார்கள். பாத்ரூம் தரையில் 80-க்கு 1 முதல் 100-க்கு 1 வரை சாய்வு வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அரை மணி கழித்து எங்கே தேங்கி நிற்கிறதென்று படம் எடுங்கள்.

இனி உங்கள் பங்கு. மழைக்கு முன் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் வாய்களைச் சுத்தம் செய்யாமல், முழங்கால் அளவு தண்ணீர் நின்றபிறகு நீர்த்தடை போயிற்று என்று எழுதாதீர்கள். ஆளில்லாத வீட்டுப் பாத்ரூமில் நாற்றம் வந்தால் தரைத் துளையின் வளைவில் நிற்க வேண்டிய 50 மி.மீ. தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு குவளை ஊற்றினால் போகும். தண்ணீர் இருந்தும் நாற்றம் வந்து, மேல்வீட்டில் ஃபிளஷ் செய்யும்போது களகளவென்று சத்தம் கேட்டால் காற்றுக் குழாய் இல்லை அல்லது அடைபட்டிருக்கிறது, அது பில்டருடையது. சறுக்கு ஜன்னலின் அடித்தண்டில் உள்ள வடிகால் ஓட்டைகளில் தூசி அடைந்தால் நீங்கள் குத்திவிடுங்கள், வெளியிலிருந்து சிலிக்கான் பூசி அடைத்திருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.-யின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

நீளமான கட்டடங்களில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே மாடிக்கு மாடி ஒரே இடத்தில் தெரியும் இடைவெளி வெடிப்பு அல்ல, விரிவதற்காக விட்ட இணைப்பு. அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதைவிட முக்கியம், யாரையும் சிமென்ட் வைத்து அடைக்க விடாதீர்கள். அடைத்தால் பக்கத்திலேயே புதிதாகக் கிழியும். உள்ளே இருக்கும் மீள்தன்மையுள்ள அடைப்பான் காய்ந்து உதிர்ந்தால் அதே வகையால் மாற்றுவது பராமரிப்பில் சேரும்.

பட்டியலை நான்கு தாள்களாகப் பிரியுங்கள்: உடனே பொறியாளர் பார்க்க வேண்டியவை, பில்டர் சரிசெய்ய வேண்டியவை, அளந்துகொண்டு காத்திருப்பவை, நாமே செய்துகொள்பவை. ஒவ்வொரு வரியிலும் வீட்டு எண், அறை, எந்தச் சுவர், தரையிலிருந்து உயரம், திசை, நீளம், அகலம், ஒருபக்கமா இருபக்கமா, பார்த்த தேதி இருக்கட்டும். படத்தில் ஸ்கேலோ காசோ தெரியட்டும். முதல் மூன்று தாள்களில் உள்ள எதையும் காரணத்தை எழுத்தில் தராமல் பட்டி போட்டு மூட அனுமதிக்காதீர்கள். அசையும் கீறலில் இறுகும் கலவையை நிரப்பினால் கீறல் சற்றுத் தள்ளித் திறக்கும், அதுவரை எடுத்த அளவுகளும் வீணாகும். பில்டரிடம் மூன்று கேள்விக்குப் பதில் கேளுங்கள்: காரணம் என்ன, எந்தப் பொருளால் எந்த முறையில் சரிசெய்யப் போகிறீர்கள், செய்த வேலைக்கு எவ்வளவு காலம் பொறுப்பு. கூடவே கம்பி வரைபடங்கள், கட்டி முடித்தபடியான குழாய் வரைபடங்கள், 28 நாள் கான்கிரீட் கட்டிச் சோதனை முடிவுகள், நீர்த்தடை செய்த ஒப்பந்தக்காரரின் உத்தரவாதம் ஆகியவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். முதல் தாளை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல் தனிக் கடிதமாக, அன்றே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கட்டடங்களைச் சோதித்து அறிக்கை தரும் பொறியாளர்கள் சிலர்